அது பொழச்சுக்கிடும்

"மாமா, இதுக்கு?"

பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். ஏழாம் வகுப்பு படிக்கிறவன். கையில் நீல நிற பிளாஸ்டிக் மக், விளிம்பு வரை தண்ணீர். போன வருஷம் அக்னி நட்சத்திரம் தொடங்கிய நேரம். மூன்று வாரம் பெங்களூரில் மகன் வீட்டில் தங்கப் போகிறோம் என்று, செடிகளை ஒவ்வொன்றாக அவனிடம் காட்டி ஒப்படைத்துக்கொண்டு வந்தேன். பன்னீர் ரோஜாவுக்கு இரண்டு மக், மல்லிக்கு இரண்டு, செம்பருத்திக்கு மூன்று. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தளமும் சேருகிற மூலையில், வெடிப்புக்குள்ளிருந்து ஒரு நித்தியகல்யாணி முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. அதன் மேல் மக்கைச் சாய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

"அதுக்கு வேண்டாம்ப்பா. அது தன்னால பொழச்சுக்கிடும்."

சாய்த்த மக்கை நிமிர்த்திக்கொண்டான். கொஞ்சம் தளும்பி அவன் கால்மேல் விழுந்தது. செடிமேல் விழவில்லை.

நடந்தது இவ்வளவுதான். திரும்பி வந்தபோது ரோஜா கருகியிருந்தது. பையன் மேல் குற்றமில்லை, ஒரு நாள்கூடத் தவறாமல் ஊற்றியிருக்கிறான். மல்லி இலை உதிர்ந்து குச்சியாக நின்றது. நித்தியகல்யாணியில் 11 பூ. எண்ணினேன். வெடிப்பு நெடுகப் புதிதாக நான்கைந்து கன்றுகள் வேறு. "நீங்க சொன்ன மாதிரியே பொழச்சுக்கிடுச்சே" என்றாள் என் மனைவி, பையைக் கீழே வைத்தபடி. அவள் வாயால் கேட்டபோதுதான் அந்த வாக்கியம் என்னுடையது இல்லை என்று உறைத்தது. அது என் அம்மாவின் வாக்கியம். செடியைப் பற்றிச் சொன்னதும் இல்லை.

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. நான் சவலைப் பிள்ளை. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை நான் தங்குவேனா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு ஆழாக்குப் பால் வரும், அது எனக்கு. கோழி முட்டை எனக்கு. காய்ச்சல் வந்தால் அம்மாவின் மடி எனக்கு. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுக்குக் காய்ச்சல் வந்ததாக எனக்கு ஒரு நினைவும் இல்லை. வந்திருக்காமலா இருக்கும்?

1977 கோடை. அக்கா எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து, நிறுத்தாதீர்கள், ஒன்பதில் சேர்த்துவிடுங்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். "பையனைப் படிக்க வைக்கணும் டீச்சர். அவன் மேலுக்கு முடியாதவன், காட்டு வேலைக்கு ஆக மாட்டான். இவளுக்கென்ன, இவ எங்க போனாலும் பொழச்சுக்கிடுவா." அக்கா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கனத்தோடு அப்படியே நின்றாள். டீச்சர் மோர் குடித்து முடித்ததும் உள்ளே வந்து அண்டாவில் ஊற்றினாள். அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள்.

மக். குடம். இரண்டையும் நான் சேர்க்கவில்லை, அவை தாமாகச் சேர்ந்துகொண்டன. அன்றிலிருந்து மூலைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கை தண்ணீரைச் சாய்த்துப் பின் நிமிர்த்துவது கண்ணில் வருகிறது.

நித்தியகல்யாணியை நான் நட்டதில்லை. வீடு கட்ட இறக்கிய மணலோடு விதை வந்திருக்கலாம். இந்தச் செடியை வளர்க்க ஒருவர் அநேகமாக ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய இரட்டைக் காய்கள் நிற்கும், பச்சைப் பயற்றங்காயைச் சின்னதாக்கி ஜோடி சேர்த்தது போல. அவை மஞ்சளாகிப் பழுத்து ஒரு பக்கமாக வெடிக்கும். உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள், சற்று நீளவாக்கில். காற்றோ மழைத்தண்ணீரோ எறும்போ இழுத்துப்போய்ச் சேர்க்கிற இடத்தில் முளைக்கும். நாமாக விதைப்பதென்றால் காய் வெடிப்பதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். விதைத்த பின் மேலே மெல்லியதாக மண் போர்த்த வேண்டும். வெளிச்சம் பட்டால் அதற்குச் சரியாக முளைப்பு வராது, இருட்டுத்தான் பிடிக்கும். முளைத்து வந்துவிட்டால் அதன் பிறகு ஆண்டு முழுக்கப் பூ. இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு கட்டையாகிவிடும், அப்போது பாதிக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். ஆடு வாய் வைக்காது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இலைக்கும் வேருக்கும் என்று இதைப் பயிராகவே போடுகிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் மற்ற வெள்ளாமை போனாலும் இது நிற்கும் என்கிற நம்பிக்கை.

எங்கள் ஊரில் அப்போது இதற்கு நித்தியகல்யாணி என்ற பெயரே கிடையாது. சுடுகாட்டு மல்லிதான். ஊருக்கு மேற்கே மண்மேடுகளுக்கு நடுவே வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும். யாரும் தண்ணீர் ஊற்றப் போகாத இடத்தில் தண்ணீர் கேட்காத செடிதானே நிற்கும்! ஆனால் ஊர் அப்படிப் பார்க்கவில்லை. பிணத்தோடு சேர்த்தே பார்த்தது. மலையாளத்தில் இதற்குச் சவம்நாறி என்றே ஒரு பெயர் உண்டு. லின்னேயஸ் 1759-ல் வைத்த பெயர் வின்கா ரோசியா. பின்னால் கத்தராந்தஸ் என்று மாற்றினார்கள், கிரேக்கத்தில் அதற்குத் தூய பூ என்று பொருள். சவமென்றும் தூய்மையென்றும் கல்யாணியென்றும் ஒரே செடியைச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர்.

ஒருநாள் அக்கா அந்தப் பூவை வாழைநாரில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீடு, மற்றப் பிள்ளைகளெல்லாம் மல்லிகை வைத்திருந்தார்கள். அம்மா சடையைப் பிடித்து இழுத்துப் பூவைப் பிய்த்தெறிந்தாள். முதுகில் இரண்டு அடி. "சுடுகாட்டுப் பூவைத் தலையில வைப்பியாடி?" அக்கா அழவில்லை. சிதறின பூக்களை விளக்குமாற்றால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். இதை அம்மாவின் கொடுமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மகளின் தலையில் சாவு ஏறிவிட்டதாக அவள் உண்மையிலேயே பதறினாள், இரவு அக்காவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். அக்காவை மடியில் வைத்திருந்ததாக எனக்கு நினைவிருக்கிற ஒரே ராத்திரி அதுதான்.

இருந்தது ஒரு ஆழாக்குப் பால். பிள்ளை இரண்டு. ஒன்று சாகக் கிடக்கிறது. எந்தத் தாயும் அந்தப் பாலை அங்கேதான் ஊற்றுவாள். நானும் ரோஜாவுக்குத்தான் ஊற்றச் சொன்னேன். கணக்குப்படி பார்த்தால் தப்பே கிடையாது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை, ஏனென்று பல நாள் பிடிபடவில்லை.

ஊரிலிருந்து வந்த அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் சுற்றுச்சுவரின் ஓர நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மணி ஒன்றரை இருக்கும். நித்தியகல்யாணியின் இலைகள் எல்லாம் நடு நரம்பை ஒட்டி உள்பக்கமாகச் சுருண்டு, குழல் போல ஆகித் தொங்கிக்கொண்டிருந்தன. பளபளவென்று எண்ணெய் தடவினாற்போல் இருக்கிற இலை அது. அன்று அதன் வெளிறின அடிப்பக்கம் மட்டுமே தெரிந்தது. பூ விரிந்துதான் இருந்தது, அந்த ஐந்து இதழில் மாற்றமில்லை. நான்கரை மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். இலைகள் விரிய ஆரம்பித்திருந்தன. ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல் நின்றது.

இந்த வீட்டில் நான் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அந்தச் செடியைக் காலையில் பேப்பர் எடுக்கப் போகும்போது பார்ப்பேன், சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது பார்ப்பேன். இரண்டு நேரமும் அது நிமிர்ந்து நிற்கும். அதற்குத் தாகமே கிடையாது என்று நான் முடிவு கட்டியது அந்த இரண்டு நேரத்தை வைத்து. தினமும் அது தவித்த நேரத்தில் நான் மின்விசிறிக்கடியில் இருந்திருக்கிறேன்.

அக்காவின் மத்தியானங்களை யார் பார்த்தார்கள்?

இதற்கு மேல் எழுதக் கை தயங்குகிறது. என்றாலும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்குப் பத்தொன்பதில் கல்யாணம். அவளுடைய முப்பத்திரண்டாவது வயதில் அத்தான் போய்விட்டார். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் மனைவி கேட்டாள், "அண்ணிக்கு மாசாமாசம் ஏதாவது அனுப்பலாமா?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பாப்போம். அக்கா எப்படியும் பொழச்சுக்கிடுவா." அப்போது எனக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. பிழைத்தாள். மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினாள். நான் எப்போதாவது கொடுத்தேன், விசேஷத்துக்குச் செய்தேன். மாசாமாசம் அனுப்பவில்லை. அம்மாவிடம் இருந்தது ஒரு ஆழாக்கு. என்னிடம் அப்படி இல்லை. அம்மாவின் வாக்கியத்தை அம்மாவின் நெருக்கடி இல்லாமலே நான் எடுத்துப் புழங்கியிருக்கிறேன்.

பொழச்சுக்கிடுவா என்கிற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னால் அது வரம், "பிள்ளை பொழச்சுக்கிடுவான்." ஊர்க்காரர் சொன்னால் அதில் ஒரு சந்தேகம், "பொழைக்கத் தெரிஞ்சவன்." ஊரை விட்டுப் போகிறவன் பிழைப்புத் தேடிப் போகிறான். எழுத்தில் தவறு வந்தால் அதுவும் பிழை. தப்புக்கும் உயிரோடிருப்பதற்கும் தமிழில் எப்படி ஒரே வேர்ச்சொல் வந்தது? குறி பிழைத்தது என்கிறோம், அம்பு இலக்கைத் தவறவிட்டது என்று அர்த்தம். சாவு குறி தவறினால் மனுஷன் பிழைக்கிறான். அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். சொல்லாராய்ச்சி தெரிந்தவர்கள் வேறு சொல்லக்கூடும். என் மனசில் பட்டது ஒன்றுதான்: பிழைத்தல் என்பது வாழ்தல் இல்லை, சாவு தவறிப்போவது. அம்மா அக்காவுக்குச் சாவு வராது என்று சொன்னாள். வாழ்வாள் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

குற்றவுணர்ச்சியில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. வெடிப்பில் முளைத்த கன்றுகளில் ஒன்றைப் பக்குவமாகப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன். மண்புழு உரம் போட்டேன். தினமும் தண்ணீர், காலை மாலை. ஒரு மாதம் கொழுகொழுவென்று வந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது இலை மஞ்சளித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். தண்டின் அடி கறுத்து ஒரு காலையில் செடி சாய்ந்து கிடந்தது. பிடுங்கியபோது வேர் கையோடு வரவில்லை, குழைந்து மண்ணிலேயே தங்கிவிட்டது. நர்சரிக்காரர் கேட்டுவிட்டு, "தண்ணி ஊத்தியே கொன்னுட்டீங்க சார். இதுக்கு வேர் காயணும், காஞ்ச பிறகுதான் அடுத்த தண்ணி" என்றார். ஈரம் நின்றால் பூஞ்சணம் வந்து வேரழுகிப்போகும் ஜாதியாம். வெடிப்பில் நின்ற தாய்ச்செடிக்கு அதே மழையில் ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் பையனிடம் நான் சொன்னது சரிதானா? வேண்டாம் என்றதுதான் அதற்குச் செய்த நல்லதா? இங்கேதான் என் யோசனை தடுமாறிப் போகிறது. நான் அக்காவைச் செடி என்று வைத்துக்கொண்டு நியாயம் தேடினால், நியாயம் எனக்குச் சாதகமாக வந்து நிற்கிறது. அது வருகிற வேகமே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எப்போதோ நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தது பாதி நினைவிலிருந்தது. பிறகு தேடி மீதியைச் சேர்த்துக்கொண்டேன். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற பழக்கம். 1952-ல் கனடாவில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், கிளார்க் நோபிள், அங்கிருந்து வந்த இலைகளைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவே இல்லை. ஊசி வழியாகச் சாற்றை ஏற்றிய எலிகளோ கிருமித் தொற்றில் செத்துப்போயின. ஏனென்று பார்த்தால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. மருந்து தோற்றது என்று அவர்கள் அத்தோடு விட்டிருக்கலாம். வெள்ளையணு பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அதை இது குறைக்கிறதே என்று ஒரு யோசனை. சார்லஸ் பியர் என்கிற வேதியியலாளர் கூடச் சேர்ந்தார். பின்னால் வின்பிளாஸ்டின் என்று பெயர் பெற்ற பொருளை 1958-ல் அறிவித்தார்கள். இதே செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இன்றும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் எடுக்கக் காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ வேண்டும். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இலையை அரைத்துக் குடிக்கக் கூடாது. விஷம். எலிகளுக்கு நடந்தது நமக்கும் நடக்கும்.)

சுடுகாட்டுப் பூ உயிர் காக்கிறது என்று இந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம். எனக்கு அதைவிட இன்னொரு செய்திதான் மனசில் தைத்தது. தண்ணீர் குறைந்தால் இந்தச் செடியின் வேரில் அஜ்மலிசின் என்கிற பொருள் கூடுகிறதாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே அதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். ரத்த ஓட்டத்துக்கான மருந்தில் அது சேர்கிறது, வேருக்கு விலை கிடைப்பதும் அதனால்தான். காய்ச்சல் பார்த்த வேரில் சத்து அதிகம். இது சந்தைக்கு நல்ல செய்தி. செடிக்கு? ஆடு கடிக்காமல், பூச்சி அரிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பைச் சேர்த்து வைக்கிறது. தண்ணீர் இல்லாத நாளில் கீழே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில்.

பட்ட கஷ்டம்தான் ஆளை உருவாக்கும் என்று பேசுகிறவர்களுக்கு இது கைமேல் கிடைத்த சாட்சி. அக்காவைப் பற்றியும் சொந்தத்தில் அப்படித்தான் பேசுவார்கள். அவ பட்ட பாட்டுக்குத்தான் இந்தத் தைரியம் என்று. அவளுக்குத் தைரியம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பால் குடித்து வளர்ந்தவன் அதைச் சொல்லக் கூடாது. அக்கா வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தால் என்னவாகியிருப்பாள் என்பதை எந்த ஆராய்ச்சியும் இனிமேல் கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் தை மாதம் அக்கா வந்திருந்தாள். மூலையில் செடியைப் பார்த்ததும், "இதையா வீட்டுல வச்சிருக்க? அம்மா இருந்தா பிடுங்கிப் போட்டிருப்பா" என்று சிரித்தாள். அந்த வாழைநாரும் பூவும் அவளுக்கு ஞாபகமிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து மஞ்சளாகிப் பழுத்த காய்களாகப் பார்த்து, வெடித்துச் சிதறாமல் நகத்தால் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் சேர்த்தாள். ஏழெட்டு இருக்கும். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எதுக்குக்கா?"

"கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தாள். ஒவ்வொரு ராத்திரியும் கேட்க நினைத்தேன். டீச்சர் வந்த அன்றைக்கு உனக்கு என்ன தோன்றியது, பஸ்ஸில் நான் சொன்னது உனக்கு எப்போதாவது காதில் விழுந்ததா, என்று. கேட்டால் "அதையெல்லாமாடா இன்னும் வச்சிருக்க" என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பாள். அறுபது தாண்டியவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது அவளுக்காகவா, என் பாரம் இறங்கவா என்று தெரியாததால் கேட்கவில்லை. வைகாசியில் அவள் பேத்திக்குக் காதுகுத்து, போகிறேன். அப்போதும் கேட்பேனா தெரியாது.

நேற்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு மூலைக்குப் போனேன். இலைகள் சுருண்டிருந்தன. வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். சாயங்காலம் இலை விரிந்து நின்றது. ஊற்றாத நாளிலும் அது விரிந்துதான் நிற்கும்.